யோகலட்சுமி இறங்கிய பூக்குழி

பள்ளத்தூரில் ஒரு மருந்துக்கடையில் யோகலட்சுமிக்கு வேலை. பங்குனியில் மாரியம்மன் கோயில் பூக்குழி நெருங்கினால் கடை முதலாளி தீப்புண் களிம்பைக் கூடுதலாக வரவழைத்து வைப்பார். விரதத்தில் சுத்தமாக இருப்பவர்களை நெருப்பு தொடாது என்பது ஊர் நம்பிக்கை. கட்டினவர் இருக்க வெளியே தொடுப்பு வைத்தவர்களுக்குத்தான் காலில் கொப்புளம் போடும் என்று பேசிக்கொள்வார்கள். அதனால் களிம்பு வாங்க வருகிற யாரும் பூக்குழி என்று வாய் திறக்கமாட்டார்கள். சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்பார்கள். விழாக் கமிட்டியில் முன்வரிசையில் நிற்கிற பெரிய மனுஷர் ஒருவர், பைக் சைலன்சர் சுட்டுவிட்டது என்றார். உள்ளங்காலில் சைலன்சர் எப்படிச் சுடும் என்று யோகலட்சுமி கேட்கவில்லை. அவர் தலை மறைந்ததும் தனியாகச் சிரித்துக்கொண்டாள். ஒருவனுக்கு ஒருத்தி என்று கல்யாண மேடையில் மைக் பிடிக்கிறவர்களும் அவளிடம் களிம்பு வாங்கியிருக்கிறார்கள்.

நெருப்புக்குச் சுடத்தான் தெரியும், ஆள் பார்க்கத் தெரியாது என்று நான் சொல்வேன். ஊர் கேட்காது. யோகலட்சுமியும் கேட்கமாட்டாள்.

இந்த வருஷம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசியில் டெங்கு வந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருமகள் பிழைத்தெழுந்தால் பூக்குழி இறங்குவாள் என்று மாமியார் அன்னக்கிளி நேர்ந்துவிட்டார். புருஷன் அய்யப்பன் வருஷா வருஷம் இறங்குகிறவன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

யோகலட்சுமிக்கும் கடைக்கு வந்துபோகும் மருந்துக் கம்பெனி ரெப் வேல்பாண்டிக்கும் பழக்கம். அய்யப்பன் கெட்டவன் இல்லை. கேட்டதை வாங்கித் தருவான், முகம் பார்த்துப் பேசமாட்டான். வேல்பாண்டி பேசினான். காப்புக் கட்டியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள், முடியவில்லை. காப்போடு ஊர் எல்லை தாண்டக் கூடாது. தலைவலி என்று கடையில் சொல்லிவிட்டு, மஞ்சள் கயிறு கட்டிய கையோடு அவனுடன் காரைக்குடிக்குப் போய்வந்தாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் உள்ளங்கால் எரிந்தது. கொப்புளம் கிளம்பினால் குடும்பம் போச்சு, மகள் கீர்த்தியும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்து செத்தாள்.

"அத்தை, உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. அடுத்த வருசம் எறங்குறேனே" என்று கேட்டுப் பார்த்தாள்.

"தீட்டா?"

"இல்ல."

"அப்பறம் என்னத்தா பயம்? சுத்தமா இருக்கவளுக்கு நெருப்பு பூவாட்டம் இருக்கும்."

தீட்டு என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள். செய்வதையெல்லாம் செய்துவிட்டு, அம்மன் காரியத்தில் பொய் சொல்லத்தான் அவளுக்கு நடுங்கியது.

பூக்குழியன்று சாயங்காலம் அய்யப்பன் முன்னால் இறங்கி ஓடினான். அவள் பின்னால் இறங்கினாள். முதல் எட்டிலேயே சுட்டது. முகம் சுளித்தால் ஊர் பார்த்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கரையேறி, பால் ஊற்றிய பள்ளத்தில் கால் வைத்ததும் கண்ணீர் கொட்டியது. பக்தி என்று நினைத்து, சுற்றி நின்ற பெண்கள் அவளைக் கும்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, அறைக் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு காலிலும் கொப்புளம். கதவைச் சாத்தியிருக்க வேண்டும், மறந்துவிட்டாள். நிமிர்ந்தால் அய்யப்பன் நிற்கிறான்.

காலை இழுத்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை. அவன் பார்த்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அடிக்கப்போகிறான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பீரோ திறக்கும் சத்தம்தான் கேட்டது. மடியில் எதையோ போட்டான். ஒரு ஜோடி சாக்ஸ்.

"அம்மாட்ட காட்டிராத" என்றான் மெதுவாக. "பித்தவெடிப்புன்னு சொல்லி நாலு நாளைக்கு இதப் போட்டுக்க. போன வருசம் நான் அப்பிடித்தான் சமாளிச்சேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதிலும் பயம்தான் இருந்தது. யார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அவனும் கேட்பான்.