எடை பார்த்து வாங்கிய மிக்ஸி

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் நான் வேலை பார்த்தேன். நெசவாளிக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பேன். புடவையாகத் திரும்பி வரும்போது மறுபடி தராசில் வைப்பேன். எடை சரியாக இருந்தால் ஆளும் நல்லவன், சரக்கும் நல்லது. வருஷக்கணக்கில் இதையே செய்தவனுக்குக் கனம் இல்லாத எதன் மேலும் நம்பிக்கை வராது. புடவையைக் கையில் வாங்கிய உடனே எடையைச் சொல்லிவிடுவேன் என்கிற கர்வம் வேறு.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு கூடியது, பலம் கூடவில்லை.

"இனிமே அந்தக் கையால அம்மி, ஆட்டுக்கல் எதையும் தொடக் கூடாதுப்பா. மறுபடி போச்சுன்னா சரி பண்றது கஷ்டம்" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் இட்லி மாவு, குழம்பு மசாலா என்று எதையாவது அரைக்காமல் ஒரு நாள் போகாது. அரைப்பது ஆம்பளை வேலை இல்லை என்று நான் நினைத்திருந்த காலம் அது. ஆகவே மிக்ஸி வாங்குவது என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவில் அதுவரை ஒரு வீட்டிலும் மிக்ஸி கிடையாது.

மெட்ராசுக்கு நான் மட்டும் போனேன். கடைக்காரர் இரண்டு மிக்ஸிகளை எடுத்து வைத்தார்.

"ரெண்டுமே நல்லா ஓடும் சார். லேடீஸ் பொழங்கறதுக்கு இதுதான் ஈஸி" என்று லேசானதை என் பக்கம் தள்ளினார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். ஒன்று கையில் இருப்பதே தெரியவில்லை. மற்றது, தடித்த எவர்சில்வர் ஜாரோடு சேர்த்து, தோளையே இழுத்தது. ஆயுசுக்கும் உழைக்கும் என்று அதைத்தான் கட்டித் தரச் சொன்னேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போனது. அதுகூட எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அவள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். நான்தான் கடையில், டீக்கடையில், கோயில் வாசலில் என்று பார்த்தவரிடமெல்லாம் அதன் கனத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தால் வீடு முழுக்க மிளகாய் நெடி. ஜார் தரையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"தெனம் பக்கத்து வூட்டு அக்காதான் வந்து ஜாரைத் திருகி எடுத்துக் குடுக்கும்" என்றாள். "இன்னிக்கு அது வாலாஜாபாத் போயிருக்குது. நானே எடுத்தேன். கை தாங்கல."

"இத்தினி நாளா ஏன் என்கிட்ட சொல்லல?" கோபமாகத்தான் கேட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஊர் பூரா பெருமையா சொல்லிக்கினு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?" வீங்கிய மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கடையில நீங்க தூக்கிப் பாத்தீங்க. தெனம் தூக்கப்போறவ நான். என்னையும் இட்டுக்கினு போயிருக்கலாம் இல்ல?" என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் வலியோடு, மெதுவாகக் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. குதிரை வண்டி பிடித்து மறுபடி அதே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரைப்பது நான்தான். அந்த மிக்ஸி ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. அவள் வலது கையால் அதற்குப் பிறகு ஒரு டம்ளர் காபிக்கு மேல் தூக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "நல்ல சாமானாப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்பார்கள். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டுவாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.