ஓரத்து ஆள் சூசை

போன குளிர்காலத்தில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். வெளியே பனி, உள்ளே ஹீட்டர். எனக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் மாப்பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, தோளில் தலையணை வைத்துக் கட்டியது மாதிரி பெரிய பெரிய ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அதற்குப் பெயர் ஃபுட்பால். மூன்று மணி நேரத்தில் யாராவது காலால் உதைத்ததை நான் நாலு தடவைதான் பார்த்தேன்.

ஒருநாள் மாப்பிள்ளைக்கு என்மேல் இரக்கம் வந்து விளக்க ஆரம்பித்தார். "வரிசையோட ஓரத்துல நிக்கிறார் பாருங்க மாமா, அவர்தான் டிஃபன்சிவ் எண்ட். பந்துக்கும் அவருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. பந்து வச்சிருக்கிறவனைப் பாய்ஞ்சு பிடிக்கணும், அம்புட்டுதான். அதுக்குத்தான் சம்பளம்."

"எங்க டீம்லயும் இப்படி ஒருத்தன் இருந்தான்" என்றேன்.

"அப்படியா மாமா" என்றார், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல். அவர் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஐம்பதுகளில் நான் திண்டுக்கல்லில் ஒரு ராவுத்தருடைய தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். தோல் ஷாப் என்றால் கடை அல்ல; தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நான் அங்கே ரைட்டர். மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் கடிதம் எழுதுகிற உத்தியோகம். சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டைத் தொட்டி, காயப்போட்ட தோல் என்று மூன்று வாசனைக்கு நடுவில் என் மேஜை. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மத்தியானச் சாப்பாட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது மாதம் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு வாசனையும் இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது.

முதலாளிக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பிரியாணி, இன்னொன்று சடுகுடு. அந்தக் காலத்தில் தோல் ஷாப்புக்கு ஒரு டீம், மில்லுக்கு ஒரு டீம், தெருவுக்கு ஒரு டீம். ஊரைச் சுற்றி எந்தத் திருவிழா நடந்தாலும் ஒரு போட்டி உண்டு. எங்கள் டீமில் ஆறு பேர் நல்ல தேக்குக் கட்டை. ஏழாவது ஆள் நான். "ரைட்டரே, நீ சும்மா நின்னாப் போதும். ஏழு தலை இருக்கணும்ல" என்று முதலாளியே சொல்லித்தான் சேர்த்தார். அந்தப் பொறுப்பை நான் ஏழு வருஷம் குறைவில்லாமல் நிறைவேற்றினேன். நின்றேன்.

சூசை ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறிய தோலைக் கையால் இழுத்து வெளியே போடுகிற வேலைக்குச் சேர்ந்தான். ஈரத்தோல் என்ன கனம் கனக்கும், எப்படி வழுக்கும் என்பது இழுத்தவனுக்குத்தான் தெரியும். ஒரு தரம் நான் வீம்புக்கு இழுத்துப் பார்த்தேன். தோல் குழியிலேயே இருந்தது. நானும் குழிக்குப் போனேன்.

ஒரு பெருநாளுக்கு முதல்நாள் முதலாளி வாங்கி வைத்திருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஷாப்பே பின்னால் ஓடியது. மேஸ்திரி விழுந்தார், தொட்டிக்காரர் விழுந்தார், நான் ஓடாமலேயே விழுந்தேன். சூசை வாசல்படியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிடா அவனைத் தாண்டிப் பாய்ந்தது. வலது கை சோற்றிலேயே இருக்க, இடது கையை மட்டும் நீட்டினான். பின்னங்கால் கையில் இருந்தது. கிடா கத்துகிறது, துள்ளுகிறது. இவன் அடுத்த வாய்ச் சோற்றை எடுத்து, வெங்காயத்தையும் ஒரு கடி கடித்துக்கொண்டான்.

முதலாளி இதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏலே, நீ சடுகுடு ஆடுவியா?"

"இல்ல மொதலாளி. ஆடு பிடிப்பேன்."

"ரெண்டும் ஒன்னுதாண்டா. ஓரத்துல ஒரு ஆள் குறையுது, நாளையிலிருந்து வா."

சடுகுடுவில் பாடிக்கொண்டு போகிறவனுக்குத்தான் பேர். கூட்டம் கத்துவது அவனுக்கு, மாலை அவனுக்கு, சோடா முதலில் அவனுக்கு. பிடிக்கிறவர்கள் கைகோத்து வரிசையாக நிற்போம். வரிசையின் ஓரத்தில் நிற்கிறவன் வேலை கணுக்காலைப் பிடிப்பது. சூசை இடது ஓரம். அவனுக்குப் பக்கத்தில் நான். ஏழு வருஷம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரி கையை அத்தனை நேரம் பிடித்ததாக அவளும் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். உப்புத்தாள் மாதிரி கை. எதிராளி நடுக்கோட்டைத் தாண்டி வரும்போது அந்தக் கை லேசாகச் சூடாகும். என் கையை உதறினான் என்றால் அடுத்த நொடி எவனோ ஒருவன் மண்ணில் கிடப்பான்.

தன் ஆட்டக் காலம் முழுக்க அவன் பாடிப்போனது ஒரே ஒரு தடவை. எங்கள் டீமில் எல்லோரும் அவுட்டாகி இவன் மட்டும் மிச்சம். வேறு வழியில்லை. "சடுகுடு சடுகுடு" என்று அடக்க ஒடுக்கமாகப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். எதிரே ஒருவன் காலை முன்னால் வைத்து நின்றான். காலைப் பார்த்ததும் இவனுக்குப் பழக்கதோஷம். பாட்டை நிறுத்திவிட்டுக் குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். எதிரி மண்ணில் எதிரியைப் பிடித்து வைத்துக்கொண்டு வெற்றியோடு எங்களைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நடுவர் விசில் ஊத முடியாமல் சிரித்தார்.

இதற்கு நடுவில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. ஆரோக்கியமேரி. பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார் மகள். கோயில் திருவிழாவில் பார்த்தது, அதற்கப்புறம் ஞாயிறு பூசைக்கு ஆத்தூரை விட்டு அந்த ஊர்க் கோயிலுக்கே போக ஆரம்பித்தான். மேரிக்கும் சம்மதம் என்பது அவள் முக்காட்டைச் சரிசெய்கிற தடவைகளிலிருந்து தெரிந்ததாம். பெண் கேட்டு முதலாளியும் நானும் போனோம். வாத்தியார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மடித்த கைக்குட்டை. நாங்கள் உட்கார்ந்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"பையன் தங்கமான பையன்னு ஃபாதரே சொன்னார். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா தோல் ஷாப்புல வேலை. அந்த வீட்டுல போய் நான் எப்படி ஒரு வாய் சாப்பிடுறது?" என்றார்.

முதலாளி தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியலையே ரைட்டரே?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

அந்த வாத்தியாரின் மகன் அருளப்பன். மில்லில் வேலை, மில் டீமில் பாடிப்போகிற ஆள். காற்று மாதிரி வருவான், தொடுவான், போவான். அடுத்த மாதம் அவர்கள் ஊர்த் திருவிழாப் போட்டியில் கடைசி ஆட்டம் மில்லுக்கும் எங்களுக்கும் என்று வந்து நின்றது. ஆட்டத்துக்கு முன்னால் அருளப்பன் சூசையையும் என்னையும் கோயில் பின்பக்கம் கூப்பிட்டான்.

"சூசை, சொந்த ஊரு. எல்லாரும் பாக்குறாக. என்னை மட்டும் பிடிச்சு மண்ணக் கவ்வ வச்சுராத. நீ விட்டுக் குடு, அப்பாகிட்ட நான் பேசுறேன். கல்யாணம் நடக்கும்."

சூசை என்னைப் பார்த்தான். கோழையிடம் யோசனை கேட்டால் என்ன வரும்? "ஒரு தடவை விட்டா என்னப்பா, குடியா முழுகப்போகுது" என்றேன். இந்தப் பக்கம் முதலாளி, ஷீல்டு வந்தால் ஷாப்புக்கே பிரியாணி என்று சொல்லியிருக்கிறார். அதையும் நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். சூசை "சரி, விட்டுர்றேன்" என்றான்.

ஆட்டம் கடைசிவரை சமமாக வந்தது. கடைசியாக அருளப்பன் பாடி வந்தான். தைரியமாக நேரே எங்கள் ஓரத்துக்கே வந்தான். ஒப்பந்தம் இருக்கிறதே! என்னை அலட்சியமாகத் தட்டிவிட்டுத் திரும்பினான். சூசையின் கை என் கைக்குள் சூடானது. "விட்ரு, விட்ரு" என்று நான் முணுமுணுத்தேன். கை உதறியது. அருளப்பன் மண்ணில் கிடந்தான்.

விசில் ஊதிற்று. ஷீல்டு எங்களுக்கு. முதலாளி தொப்பியை மேலே எறிந்தார். ஆனால் சூசை அருளப்பனின் காலை விடவில்லை.

"விடுறா, ஆட்டம் முடிஞ்சுருச்சு!" என்று நடுவர் அதட்டினார்.

"விடத்தான் பாக்குறேன். வரமாட்டேங்குதே!"

விரல் ஐந்தும் பிடித்துக்கொண்டுவிட்டன. வருஷக்கணக்காகச் சுண்ணாம்பில் ஊறி இறுகின கை, பிடிப்பு வந்து பூட்டிக்கொண்டது. மில் ஆட்கள் வம்பு என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். எங்கள் ஆட்களும் கட்டினார்கள். நான் மட்டும் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கினேன். நாலு பேர் சூசையைப் பிடித்து இழுத்தார்கள், நாலு பேர் அருளப்பனை. இரண்டு பேரும் சேர்ந்தே நகர்ந்தார்கள். ஃபாதர் ஓடி வந்தார். பின்னாலேயே வாத்தியார், கைக்குட்டையோடு.

வலி தாங்காமல் அருளப்பன் கத்தினான்: "விட்டுர்றேன்னு தானடா சொன்ன! கோயில் பின்னாடி வச்சுச் சொன்னீல்ல!"

வாத்தியார் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"யார், யார்கிட்ட, என்ன சொன்னது?"

அருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சூசைதான் காலைப் பிடித்தபடியே சொன்னான். "நான்தான் சார். விட்டுர்றேன்னு ஒத்துக்கிட்டேன். விடணும்னுதான் நின்னேன். கை கேக்கல சார்."

யாரோ ஒரு ஆள் சிரித்தான். பிறகு கூட்டமே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, மடியில் கை வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்னதானச் சமையலிலிருந்து குண்டானில் வெந்நீர் வந்தது. மேரி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அண்ணன் காலுக்குத்தான் எண்ணெய் என்று பெயர். ஊற்றினது பூராவும் சூசை விரல்மேல். குனிந்து, அவனுக்கும் மறுபடி பக்கத்தில் வந்து நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "போதும், விடுங்க" என்றாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெந்நீரா, எண்ணெயா, அந்தச் சொல்லா என்று எங்கள் ஷாப்பில் ரொம்ப காலம் வாக்குவாதம் நடந்தது.

ஒரு வாரம் கழித்து வாத்தியார் ஷாப்புக்கே வந்தார். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட சடுகுடு பாடி வருகிறவர் மாதிரியே வந்து முதலாளி முன்னால் மூச்சு விட்டார்.

"ஏமாத்தச் சொல்லிக் கேட்டது என் மகன். அவனை நான் கண்டிச்சுட்டேன். ஒத்துக்கிட்டது உங்க ஆளு. அந்த வாய்க்கு ரெண்டு போடணும். ஆனா ஏமாத்தத் தெரியாத அந்தக் கைக்குப் பொண்ணு குடுக்கலாம்."

"எப்பன்னு சொல்லுங்க, பிரியாணி என் பொறுப்பு" என்றார் முதலாளி. அவருக்கு மற்ற எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு அருளப்பன் வந்தான், காலில் கட்டோடு. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடவேண்டியவன் தட்டில் வைத்துத் தள்ளினான். கையை நீட்டப் பயமாம். வாத்தியார் அன்றைக்கு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு சூசை இன்னும் ஐந்து வருஷம் ஆடினான். சுண்டுவிரல் போனது, காறை எலும்பு முறிந்தது, முன்பல் ஒன்று ஒரு மில்காரன் குதிகாலில் தங்கிவிட்டது. கடைசியில் கீரனூரில் ஒரு ஆட்டம். பாடி வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். சூசை பிடித்தான், பையன் எகிறினான், சூசையின் முழங்கால் மட்டும் வேறு பக்கம் போனது. அப்போதும் காலை விடவில்லை. "கொஞ்சம் விடுங்கண்ணா, உங்க காலைப் பாருங்க" என்று அந்தப் பையனே கெஞ்சினான். "நீ மொதல்ல அவுட்டுன்னு சொல்லச் சொல்லு" என்றான் இவன்.

மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். "ரைட்டரே, நாளைக்கு எனக்குப் பதிலா ஓரத்துல யாரு நிப்பா?" என்றான். அடுத்த ஆட்டத்தில் நான்தான் நின்றேன். அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து எங்களுக்கு டீமே இல்லை. இதற்கு மேல் என்னைச் சொல்லவைக்காதீர்கள்.

சூசை ஆத்தூரில் கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மேரியோடும் நாலு பிள்ளைகளோடும் நல்லபடியாகவே இருந்து போய்ச் சேர்ந்தான். முதலாளி போனார், ஷாப் போயிற்று. குழிகளை மூடி வீடு கட்டிவிட்டார்கள். அங்கே இப்போது ஒரு வாசனையும் கிடையாது. நாங்கள் ஆடின பொட்டலில் வரிசையாகக் கடைகள். சாயங்காலமானால் மலையடியில் நாலு பக்கமும் கேட்ட அந்தச் சடுகுடுப் பாட்டைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஷீல்டு யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை.

என்னிடம் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு போட்டோ இருந்தது. ஷீல்டு வாங்கிய மறுநாள் ஸ்டூடியோவில் எடுத்தது. பாடிப்போகிற ஆட்கள் நடுவில் மாலையோடு, வழக்கம்போல சூசை ஓரத்தில், அவன் கை என் தோள்மேல். அமெரிக்காவிலிருந்து திரும்பினதும் மாப்பிள்ளைக்கு அனுப்பலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மழைத்தண்ணீர் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மெதுவாகத்தான் உரித்தேன். முதலில் கிழிந்தது ஓரம்தான்.