டீ விலைக்கு ஒரு பேங்க்

அந்த பேங்கின் பங்கு ஏழு ரூபாய்க்குக் கிடைத்த நாட்களில் பாகூரில் ஒரு டீ பத்து ரூபாய். இந்தக் கணக்கை உரக்கடையில் முதலில் எடுத்து விட்டவன் நான்தான். "ஒரு டீய விட கம்மி வெலைக்கு பேங்க் கெடைக்குது, யோசிச்சுக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

பி.காம். முடித்து, புதுச்சேரியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் போன், போனில் பங்கு வாங்கும் ஆப், மண்டை நிறைய அவசரம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக உரக்கடைக்குப் போவேன். கடைக்காரர் எனக்கு உறவில்லை, ஆனாலும் அண்ணன். பொட்டாஷ் மூட்டை மேல் உட்கார்ந்து அன்றைய மார்க்கெட்டைப் பற்றிப் பேசுவேன். அண்ணன் எனக்கு "ஆடிட்டர்" என்று பேர் வைத்தார். கிண்டலுக்கு வைத்த பேர்தான். நான் அதைச் சட்டைப்பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த பேங்குக்குக் கடலூர் ரோட்டில் ஒரு கிளை இருந்தது. ஏசி போட்டிருப்பார்கள், வருஷா வருஷம் பெரிய காலண்டர் கொடுப்பார்கள். ஊரில் பாதி வீட்டில் அந்தக் காலண்டர்தான் தொங்கியது. அதனால், நான் பங்கு பற்றிப் பேசியபோது யாருக்கும் அது தெரியாத கம்பெனியாகத் தோன்றவில்லை. அண்ணன் வாங்கினார். கரும்பு, நெல் வைத்திருக்கும் எட்டுப் பேர் வாங்கினார்கள். எல்லோருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தது நான். ஆதார் எண், ஓடிபி, கடவுச்சொல் எல்லாம் என் போன் வழியாகத்தான் போயின. கடைசியாக வந்து சேர்ந்தவர் என் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு இரண்டு காணி கரும்பு. ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டுப் பக்கம், போர் தண்ணீரை நம்பிய நிலம். அந்தப் போரில் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஆழமாக, வேறு இடத்தில் புதுப் போர் போட வேண்டும். அதற்காகத்தான் அவர் சர்க்கரை மில் பாக்கிக்குக் காத்திருந்தார். கரும்பு வெட்டி அனுப்பி நாலு வருஷம் ஆகியும் மில் பணம் கொடுக்கவில்லை. கரும்பை எடை போட்டு மில் கொடுத்த எடைச்சீட்டுகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். சாலை மறியலுக்குக் கூப்பிட்டால் போவார், மனு கொடுக்கக் கூப்பிட்டால் போவார், சீட்டை மட்டும் யாரிடமும் தர மாட்டார். கடைசியில் ஒரு நாள் முழுப் பணமும் வந்துவிட்டது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

அந்த வாரம்தான் அவர் உரக்கடைக்கு வந்து மூட்டை மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அண்ணன் அப்போது பேங்கின் கணக்கு அறிக்கையை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாப்பா ஆடிட்டர், வாராக் கடன்னு ஒரு பக்கம் பூரா போட்டுருக்கான். வராதுன்னுதானே அர்த்தம்?"

"பேருதாண்ணே அப்படி. இப்ப மில்லு உங்களுக்கெல்லாம் பாக்கி வெக்கலயா? அது மாதிரி. லேட்டா வரும், வராம போவாது."

யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாக்கி என்றால் என்ன என்று அந்தக் கடையில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தப்பா மட்டும் கேட்டார்.

"அப்ப இந்த ஷேரும் எடைச்சீட்டு மாதிரிதான். பத்திரமா வெச்சிருந்தா ஒரு நாளு துட்டு வந்துடும்."

"ஆமா சித்தப்பா" என்றேன்.

அது பொய். மில்லுக்குக் கரும்பு போட்டவர் மில்லுக்குக் கடன் கொடுத்தவர். பேங்கின் பங்கை வாங்கியவர் பேங்குக்குச் சொந்தக்காரர். பேங்க் முங்கினால் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து, மிச்சம் இருந்தால்தான் சொந்தக்காரருக்கு. இதைக் காலேஜில் இரண்டாம் வருஷம் பத்து மார்க் கேள்விக்குப் பதிலாக எழுதி ஒன்பது வாங்கியிருக்கிறேன். அந்தக் கடையில், அந்த மூட்டை மேல், எனக்கு அது ஞாபகம் வந்தது. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதைக் கெடுக்க மனமில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்திருந்தால் தேவலை.

சித்தப்பா இருபதாயிரம் பங்கு வாங்கினார். என்னுடையது இரண்டாயிரம்.

மூன்று மாதம் கழித்து பேங்கின் காலாண்டுக் கணக்கு வந்தது. சாயங்காலமே நெட்டில் போட்டுவிட்டார்கள். நான் மறுநாள் காலை பஸ்ஸில்தான் திறந்தேன். நஷ்டம் இருக்கும் என்று தெரியும், அதைப் பார்த்துப் பயப்படவில்லை. கிருமாம்பாக்கத்தில் பஸ் ஆளேற்ற நின்றபோது, அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்புகளைப் படித்தேன். இந்த பேங்க் தொடர்ந்து நடக்குமா என்பதிலேயே சந்தேகம் இருக்கிறது என்று தணிக்கையாளர் எழுதியிருந்தார். இங்கிலீஷில் மூன்றே வரி. அந்த மூன்று வரியைப் படிக்கத்தான் நான் அத்தனை வருஷம் படித்தேன் என்று சொல்லலாம். என்ன அர்த்தம் என்று உடனே புரிந்துவிட்டது.

ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்தது. பஸ் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் என் இரண்டாயிரத்தையும் விற்றுவிட்டேன். பிறகு சித்தப்பாவின் எண்ணை எடுத்தேன். அழைக்கவில்லை. பஸ்ஸில் இரைச்சலாக இருக்கிறது, ஆபீஸ் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். ஆபீஸில் வேலை இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சாயங்காலம் உரக்கடையில் சித்தப்பாவே கேட்டார்.

"ரிசல்ட் வந்துடுச்சாமே. இன்னாடா, வித்துடலாமா?"

விற்கலாம் என்று சொன்னால், நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். காலையிலேயே விற்றுவிட்டேன் என்றால், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பார்கள். அண்ணன் வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வெயிட் பண்ணலாம் சித்தப்பா. அவசரப்பட வேணாம்."

"அதான் ஆடிட்டரே சொல்லிட்டாரு" என்றார் அண்ணன்.

அன்று காலையில் விற்றிருந்தால் சித்தப்பாவுக்கு முக்கால்வாசிப் பணம் திரும்பி வந்திருக்கும். மறுநாளிலிருந்து விலை ஒரே நேராக இறங்கியது. விற்க ஆயிரம் பேர் நின்றார்கள், வாங்க ஒருவரும் இல்லை. சித்தப்பா தினமும் காலையில் போன் செய்து, "போட்டுட்டியா?" என்று கேட்பார். நானும் விற்கப் போடுவேன், போகாது. பிறகு பேங்கை முடக்கினார்கள். அப்புறம் இன்னொரு பேங்கோடு சேர்த்தார்கள். டெபாசிட் போட்டவர்கள் பணம் பத்திரம், பங்குகள் மட்டும் மொத்தமாக அழிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

"டெபாசிட்டுக்காரனுக்கு குடுக்குறாங்களே, நமக்கு எப்போ?" என்று கேட்டார் சித்தப்பா. பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, நான் எடுத்துக் கொடுத்த பங்குத் தாளை அதில் வைத்திருந்தார். நமக்குக் கிடையாது என்று சொன்னேன். முன்பு சொல்லாததை அன்றுதான் முழுதாகச் சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் சொன்னேன்.

புதுப் போர் போடவில்லை. அந்த வருஷம் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சினார். ஒரு காணிக்குத்தான் கட்டுப்படியானது. மற்ற காணியில் கரும்பு முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது.

என்னை யாரும் திட்டவில்லை என்பதைத்தான் நான் எழுத வேண்டும். எனக்கும் பணம் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. யாரோ என்னைக் குறை பேசியபோது, "அவனுந்தான் போட்டு இழந்துட்டான்பா. மொத சம்பளம் வேற. சின்ன பையன், உடுங்க" என்று சித்தப்பாவே அடக்கியிருக்கிறார். சித்தி மணப்பட்டுக் கடல் மீன் வாங்கிக் குழம்பு வைத்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எனக்கென்று கொடுத்தனுப்பினார். "மனசு ஒடைஞ்சி போயிருப்பான்" என்றாராம். அந்தக் குழம்பை நான் சாப்பிட்டேன். சோறு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

பிறகு அண்ணன்தான் மும்பையில் பேங்குகளைக் கண்காணிக்கும் ஆபீசுக்கு ஒரு மனு அனுப்பலாம் என்றார். பதினோரு பேர் கையெழுத்து. இங்கிலீஷில் எழுத நான் இருக்கிறேன். எழுதினேன். அதில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது: பேங்கின் உண்மை நிலை தெரிந்தவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள், எங்களுக்கு மட்டும் சொல்லாமல் விட்டார்கள். எழுதும்போது பேங்க் முதலாளிகளைத்தான் நினைத்தேன். சத்தியமாக அவர்களை மட்டும்தான்.

சனிக்கிழமை மதியம் சித்தப்பாவோடு அவருடைய டிவிஎஸ்ஸில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மனுவின் கடைசியில் பெயர்ப் பட்டியல். என் பேரை முதலில் போடச் சொன்னவர் சித்தப்பாதான். "கேள்வி வந்தா பதில் சொல்றவன் பேரு முன்னாடி இருக்கட்டும்." மனுவோடு, ஒவ்வொருவரிடமும் கடைசியில் எத்தனை பங்கு இருந்தது என்பதற்கான தாளும் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கடைப் பெண் அச்சடித்து மேஜையில் அடுக்கினாள்.

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்ணத் தெரியும். விரலை எச்சில் தொட்டு எண்ணினார்.

"பத்துதான் இருக்குது. உன்னுது எங்க?"

நெட் வேலை செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கடைப் பெண் அப்போதுதான் நெட்டில் வேறு ஒருவருக்குப் பரீட்சை ரிசல்ட் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட இல்ல சித்தப்பா. நான் வித்துட்டேன்."

"எப்போ?"

"கணக்கு வந்துச்சே, அதுக்கு மறுநாள். காலைல."

அவர் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தார். "அன்னைக்கு சாயங்காலம் நான் உன்ன கேட்டேன்."

"ஆமா."

சித்தப்பா கடைப் பெண்ணிடம், "மொத பேர எடுத்துட்டு திரும்ப ஒண்ணு அடிச்சி குடும்மா" என்றார். அவள் எடுத்தாள். கீழே இருந்த பெயர்கள் ஒரு படி மேலே ஏறின. இப்போது முதலில் இருந்தது சித்தப்பா பெயர், எதிரே இருபதாயிரம்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படி" என்றார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. அதையும் சொன்னேன்.

"அத எடுத்துடவா சித்தப்பா?"

"எதுக்கு. சரியாத்தானே எழுதியிருக்க."

கையெழுத்துப் போட்டார். அச்சடித்ததற்குக் காசும் அவரே கொடுத்தார். திரும்பும்போது டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். உரக்கடையில் அண்ணன் கை காட்டினார், சித்தப்பா நிறுத்தவில்லை. எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர் வண்டியை அணைக்காமல் சொன்னார்.

"சித்தியோட கொழம்பு கிண்ணம் உங்க வூட்லதான் இருக்குதாம். கொண்டாந்து குடுத்துடு."

அம்மா அதைத் துலக்கி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். என் பங்கை விற்ற பணம் அப்படியே இருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நாலு வீடு தள்ளித்தான். இன்னும் போகவில்லை.