நீலப்பூ தென்காசியில் பிழைக்குமா?

செடி விற்கிறவனிடம் யாரும் வெறும் செடி கேட்டு வருவதில்லை, உத்தரவாதம் கேட்டுத்தான் வருகிறார்கள். மாசியில் உறைபனி விட்டதும் இது உச்சத்துக்குப் போகும். நர்சரி வைத்திருக்கும் தோழர்களே, இந்தப் பாடு உங்களுக்கும் தெரியும்.

என் கடை மலைமேல், சூரியநெல்லி சாலையோரம். அதற்கு முன் தேயிலை எஸ்டேட்டில் தொழிற்சங்கம் நடத்தினேன். நான் படித்ததெல்லாம் துண்டுப்பிரசுரம். பிறகு எழுதியதும் அதுதான். ஓய்வு பெறும் தொழிலாளி, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தே ஆகவேண்டும் என்ற விதியை எதிர்த்து நான் அச்சடித்த பிரசுரம் கடைக்குள் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. விதியும் அப்படியே இருக்கிறது.

பேச்சியம்மாளின் கேள்வி

பேச்சியம்மாள் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். சித்திரைக்குள் லயத்து வீட்டைக் கொடுத்துவிட்டுத் தென்காசியில் மகன் வீட்டுக்குப் போகவேண்டும். பிறந்ததிலிருந்து மலையை விட்டு இறங்கி நான்கு நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. அவர் வாசலில் வைத்த ஹைட்ராஞ்சியா, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றியதுபோல உருண்டை உருண்டையாகப் பூக்கும். வீடு காலியானதும் அந்த இடத்தில் ஜீப் நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"தென்காசியில பொழைக்குமா அண்ணாச்சி? சாகும்னா இப்பவே சொல்லிருங்க. இங்கயே விட்டுட்டுப் போறேன். அங்க கொண்டுபோயி என் கண்ணு முன்னால சாக வேண்டாம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அது குளிருக்குப் பழகிய செடி. கீழே வெயிலில் யாரும் வளர்த்து நான் பார்த்ததில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மைக்கப் புடிச்சா விடிய விடியப் பேசுவீக. ஒரு செடிக்குப் பதில் இல்லையாக்கும்?"

கரிந்த ரோஜா

சின்னக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் முருகேசன் ஒரு ரோஜாத் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பனியில் கரிந்து, எரித்துப் போட்ட தீக்குச்சி மாதிரி இருந்தது. "இதே மாதிரி இருபது கெடக்கு. எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சிரவா?"

கட்டைவிரல் நகத்தால் தண்டை மெல்லச் சுரண்டினேன். கறுப்புத் தோலுக்கு அடியில் ஈரப்பச்சை. எத்தனை வருஷமாகச் சுரண்டுகிறேன்! அந்தப் பச்சை தெரியும்போது இன்னமும் என் கை ஒரு நொடி நின்றுபோகிறது. மேலே சாவு நடந்து முடிந்திருக்கிறது. உள்ளே அதற்குச் சேதியே போகவில்லை. வெளியே பச்சையும் உள்ளே கரியுமாக இருந்த தலைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கமாகப் பார்ப்பது செடியில்தான்.

பச்சை வரும் இடம்வரை கவாத்து வெட்டுங்கள், துளிர் வந்த பிறகே உரம், அதுவரை அளவாகத் தண்ணீர் என்று சொல்லி அனுப்பினேன். பத்தடி போனவர் திரும்பி வந்தார்.

"துளிர் வர்ற வரைக்கும் பிளாஸ்டிக் பூ கட்டிவிட்டா செடி கோவிச்சுக்காதுல்ல? லீவுக்கு ஆளு வருது."

குழம்பில் போன டேலியா

ஜீப் ஓட்டும் செல்வம் டேலியாக் கிழங்கு வாங்கிப்போய் அடுப்படியில் வைத்திருக்கிறார். அவர் மனைவி அதைச் சீனிக்கிழங்கு என்று நினைத்து, தலையை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மீதியைக் குழம்பு வைத்துவிட்டார். புதுக் கிழங்கு கேட்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். ஆனால் வந்தது வேறு விஷயத்துக்கு.

டேலியாவின் உயிர் கிழங்கில் இல்லை; தண்டோடு சேரும் கழுத்தில் இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்று எறிந்தது அந்தக் கழுத்தைத்தான். முதல் கோடைமழை விழுந்ததும் சாம்பலையும் மீன்செதிலையும் தள்ளிக்கொண்டு அது முளைத்துவிட்டது. போய்ப் பார்த்தேன். இலையில் ஒரு கீறல்கூட இல்லை. குப்பைமேட்டில் குந்தி, வெட்கத்தை விட்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. குப்பையில நிக்கிறதுக்கு இனி என்ன உரம் போடணும்?"

மீனாட்சிபுரத்துப் புகார்

பங்குனியில் குடும்பத்தோடு மலை பார்க்க வந்தார் பழனிச்சாமி. கீழே சமவெளியில், மீனாட்சிபுரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். முந்தின வருஷம் என்னிடம் நீல ஹைட்ராஞ்சியா வாங்கிப்போனவர் என்பது அவர் சண்டைக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. "ஏனுங்க, நீலம்னு சொல்லித்தானுங்க குடுத்தீங்க? இதப் பாருங்க" என்று போனை நீட்டினார். மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் ஒரு செடி. இலைக்கு மேலே இளஞ்சிவப்பில் இரண்டு பெரிய உருண்டைகள்.

நான் ஏமாற்றவில்லை. தேயிலை மண் புளிப்பு மண். அதில் இந்தப் பூ நீலம். அவர் ஊர் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அதில் அதே செடி சிவக்கும். இதை விளக்கினேன். ஆனால் என் மனசு பேச்சில் இல்லை. வேரில் பட்ட மண்ணை உச்சிப் பூ சொல்கிறதே! அதைவிடப் பெரியது, கீழே போயும் அது சாகவில்லை. "வெயில் தாங்குச்சா? இலை கருகலையா? இப்பவும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மத்தியான வெயில் படாத நிழலில் நட்டது, மாடு கழுவும் தண்ணீரால் எப்போதும் ஈரம் என்பதைக் கேட்டு வாங்கினேன். அவருக்குக் கோபம் போய்ச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, நெறம் மாறிப்போச்சுன்னு நான் கத்தறேன், நீங்க உசுரு இருக்குதான்னே கேக்கறீங்க?"

ஒரு சாக்கு மண்

அன்றைக்கே லயத்துக்குப் போனேன். "பொழைக்கும். நிழல்ல வைக்கணும், ஈரம் காயவிடக் கூடாது. ஆனா நீலமாப் பூக்காது" என்றேன். பேச்சியம்மாள் செடியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தானே மண்வெட்டியை எடுத்துவந்தார்.

கிளைகளைக் குறைத்து, வேர்க்கட்டு உடையாமல் சுற்றித் தோண்டி எடுத்தோம். அதைச் சுற்றிக் கட்ட ஈரக் காகிதம் வேண்டும். என்னிடம் காகிதத்துக்கா பஞ்சம்? ஓய்வு பெற்றவருக்கே வீடு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்ததை நனைத்து நனைத்துச் சுற்றினேன். நீலம் இன்னும் கொஞ்ச காலம் நிற்க ஒரு வழி உண்டு, இந்த மண்ணையே ஒரு சாக்கு கட்டித் தருகிறேன் என்றேன். பேச்சியம்மாள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இந்த மண்ணுக்கு நான் குடுத்தது போதும் அண்ணாச்சி. இனி அதை வேற நான் சொமக்கணுமா?"

தென்காசியிலிருந்து

ஒரு வருஷம் கழித்து, இந்தப் பங்குனியில் பேச்சியம்மாளின் போன் வந்தது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. செடி போய்விட்டது என்றே நினைத்தேன். போனைக் காதில் வைத்தபடி கடைக்குள் இருந்த ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பூத்துருச்சு அண்ணாச்சி. ரோஸ் கலரு. நம்ம செடிதானான்னு ஒரு நிமிசம் சந்தேகமாப் போச்சு. நானுந்தான் வெயில்ல கறுத்துக் கெடக்கேன். அதுக்கும் என்னைய அடையாளம் தெரிஞ்சிருக்காது, பாவம்."

ஓய்வு பெற்றவருக்கு வீடு கேட்டு நான் அச்சடித்த பிரசுரங்கள் ஒரு வேரை ஈரம் காயாமல் தென்காசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தன என்பதுதான் என் போராட்ட வாழ்க்கையில் இதுவரை கிடைத்திருக்கும் முழு வெற்றி.