கூரை மட்டும் பாக்கி

இது நடந்தது பட்டப்பகலில். அதனாலேயே யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். பேய் என்றால் நள்ளிரவு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு வார்த்தை கூட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வீடு திரும்புவேன். சற்று நேரத்தில் மனைவி அலுவலகம் கிளம்பிவிடுவாள். மதியம் வரை தூங்கி எழுந்தால், மாலை வரை வீட்டில் நான் மட்டும்தான். அந்த நேரத்தில்தான் என் பைத்தியக்காரத்தனம் நடக்கும். மாடல் கிட். கப்பல், ரயில் என்ஜின், விமானம் என்று குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்வது.

புதிதாக வாங்க மாட்டேன். யாராவது ஆசையாக ஆரம்பித்து, பாதியில் வெறுத்துப்போய்த் தூக்கிப் போட்டதைத்தான் தேடிப் பிடிப்பேன். அதற்குக் காரணம் உண்டு. கல்லூரிப் படிப்பு, கிட்டார், டிரைவிங் லைசென்ஸ்... நான் தொட்ட எதையும் முடித்ததில்லை. இதை மட்டும்தான் முடிக்கிறேன். அடுத்தவர் கைவிட்டதை நான் முடித்துவிட்டேன் என்பதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த வாரம் என் மாமியார் எங்களோடு வந்து தங்குவதாக ஏற்பாடு.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மா வந்துடுவாங்க. நீங்க பசையும் கையுமா உக்கார்ற இந்த ரூம் அவங்களுக்கு,” என்றாள் மனைவி.

“ஒரே ஒரு படகுதான் இருக்கு. அதுக்குள்ள முடிச்சிடுவேன்.”

“முடிக்கலைன்னா?”

“எல்லாத்தையும் குப்பையில போடு. இனிமே பசை பாட்டிலைத் தொட மாட்டேன்.”

“கிட்டாரை வாங்கும்போதும் இப்படித்தான் பேசினீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அது ஓர் இழுவைப் படகு. துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்குமே, அந்த வகை. வழக்கமாகப் போகும் பழைய சாமான் கடையில் வாங்கியது. “எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டேன். “யாரோ வீட்டுக்கு பெயின்ட் அடிக்கறாங்க. பழைய பேப்பரோட வந்துச்சு,” என்றார் கடைக்காரர்.

பெட்டியைத் திறந்ததுமே ஒரு சின்ன நெருடல். கைவிட்ட கிட் என்றால் உள்ளே குப்பையாக இருக்கும். பசை காய்ந்து, பாகங்கள் தொலைந்து, பிரஷ் கட்டையாகி... இதில் அப்படி எதுவுமே இல்லை. பிரஷைக் கழுவி மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்தது. பாகங்களைப் பிரித்து பாட்டில் மூடிகளில் போட்டிருந்தது. அடிப்பகுதி முடிந்திருந்தது. மாலுமி நின்று ஓட்டும் கண்ணாடிக் கூண்டின் நான்கு சுவர்களும் ஒட்டியாகிவிட்டன. நாளைக் காலை வந்து தொடரப் போகிறவர் விட்டுப்போன மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை ஓரக் கம்பிகளை ஒட்டினேன். செவ்வாய்க் காலை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், கம்பிகள் பாட்டில் மூடிக்குள் கிடக்கின்றன. பசை பழசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புதுப் பசை வாங்கி மறுபடி ஒட்டினேன். கூடவே புகைபோக்கியையும் ஒட்டினேன்.

புதன் காலை இரண்டுமே கழன்றிருந்தன. பாதி தூக்கத்தில் இருந்த எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

“நீ தொட்டியா?”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

“அப்போ எப்படிக் கழலும்?”

“ஒட்டத் தெரியாம ஒட்டினா கழலத்தான் செய்யும்.”

அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒட்டிய இடத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பிய்த்து எடுத்திருந்தால் பசைத் தடம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வழவழவென்று இருந்தது.

சரி, பிடிமானம் போதவில்லை என்று உப்புத்தாள் வைத்துச் சொரசொரப்பாகத் தேய்த்து, சூப்பர் க்ளூ போட்டு, துணிக் கிளிப்புகளால் இறுக்கிவிட்டு வேலைக்குப் போனேன். பாய்மரம் போன்ற ஒரு கம்பத்துக்கான பாகங்களையும் நறுக்கி வைத்திருந்தேன். இந்தப் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடிதான் வரும். கட்டரால் நறுக்கித்தான் எடுக்க வேண்டும். நறுக்கினால் நறுக்கியதுதான்.

வியாழக்கிழமை காலை கிளிப்புகள் வரிசையாக மேசையில் அடுக்கியிருந்தன. கம்பி மூடியில். புகைபோக்கி மூடியில். நான் தேய்த்த சொரசொரப்பைக் காணோம். நறுக்கிய கம்பம்... சட்டத்தில் இருந்தது.

நகத்தால் நெருடிப் பார்த்தேன். வெட்டுக் காயமே இல்லை.

பயந்தேனா என்றால், பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். என் உழைப்பு அத்தனையும் வீண். தூக்கம் வீண். ஞாயிற்றுக்கிழமை வேறு நெருங்கிக்கொண்டிருக்கிறது. அன்றிரவு அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை காலையும் அதே கதைதான். நான் வேறு இடத்தில் வைத்திருந்த பிரஷ்கூட, தாளில் சுற்றி, பழைய இடத்தில் இருந்தது.

ஒன்று மட்டும் புரிந்தது. நான் அறையில் இருக்கும்வரை எதுவும் கழல்வதில்லை. அப்படியானால் வழி சுலபம். எழுந்திருக்கவே கூடாது.

சனி இரவு லீவு போட்டுத் தூங்கினேன். ஞாயிறு காலை தண்ணீர் பாட்டில், பிஸ்கட்டுடன் உட்கார்ந்தேன். பாத்ரூமுக்குக்கூடப் போவதில்லை என்று வைராக்கியம். பதினோரு மணிக்கு மனைவி அம்மாவை அழைத்துவரக் கிளம்பினாள்.

“இன்னும் இருக்கா?”

“நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.”

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் இல்லை.

கம்பிகள் ஒட்டின. புகைபோக்கி ஒட்டியது. கம்பம் மூன்று தடவை கைநழுவி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். திட்டிக்கொண்டே தேடினேன். இரண்டே முக்காலுக்குக் கூரை மட்டும்தான் பாக்கி. கண்ணாடிக் கூண்டின் மேல் மூடி. கட்டைவிரல் நகம் அளவு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

புஸ்ஸ்ஸ்... டக்.

புஸ்ஸ்ஸ்... டக்.

மின்விசிறியாக இருக்கும் என்று நிறுத்தினேன். அது நின்றது. சத்தம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மோட்டாரா? காதைச் சுவரில் வைத்தேன். சுவரில் இல்லை. மேசைப் பக்கம் திரும்பினேன்.

சத்தம் படகிலிருந்து வந்தது.

கூண்டின் கண்ணாடிகள் மங்கியிருந்தன. தலையில் அடித்துக்கொண்டேன். கண்ணாடிப் பாகத்தின் பக்கத்தில் சூப்பர் க்ளூ போட்டால் ஆவி பட்டு வெண்மையாகப் படிந்துவிடும். மாடல் செய்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. படிந்தால் போகவே போகாது.

போனது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது. பிறகு மறுபடி மங்கியது.

புஸ்ஸ்ஸ்... மங்கல்.

டக்... தெளிவு.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தீப்பெட்டியில் கால்வாசி அளவுக் கூண்டு. காலியாகத்தான் இருந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடினால் எல்லாம் கழன்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்ததும் கால் நகரவில்லை.

ட்வீசரால் கூரையை எடுத்தேன்.

யாரோ இழுத்தார்கள்.

எதிர்ப்பக்கமாக... மெதுவாக. விரல்கள் சில்லிட்டன. கிடங்கில் குளிரோடு பழகியவன் நான். இது அந்தக் குளிர் இல்லை. பலமில்லாத பிடி. ஆனால் விடாத பிடி.

“விடுய்யா,” என்றேன்.

விடவில்லை.

“ஒரு வாரமா உயிரை வாங்கிட்ட. போதும். விடு.”

இரண்டு கையாலும் பிடித்தேன். இறக்கினேன். கூரையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

புஸ்ஸ்ஸ்...

கண்ணாடி பாதி மங்கியது.

காத்திருந்தேன்.

டக் வரவில்லை.

கண்ணாடி மெல்லத் தெளிந்தது. பிறகு மங்கவே இல்லை. சுவர்க் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. நான் அழுத்திய விரலை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். “பரவாயில்லையே,” என்றாள். என் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு என்ன பொறுமை,” என்றார். ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலை எதுவும் கழலவில்லை. அதற்கடுத்த நாளும் கழலவில்லை.

வியாழக்கிழமை மதியம் பழைய சாமான் கடைக்காரர் ஓர் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். பல நாள் தூங்காத முகம்.

“பாதி செஞ்ச ஒரு படகு... உங்ககிட்ட கொடுத்ததா இவர் சொன்னார். என் வீட்டுக்காரரோடது. நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்துட்டேன். வீட்டுக்கு பெயின்ட் அடிச்ச என் அண்ணன், தெரியாம பழசோட சேர்த்துப் போட்டுட்டார்.”

“உங்க வீட்டுக்காரர்...”

“நாலு மாசமா நினைவே இல்லை. மிஷின் வச்சுத்தான் மூச்சு. ஞாயித்துக்கிழமை போயிட்டார். மத்தியானம் மூணு பத்துக்கு.”

அதுவரை செத்தவர் யாரோதான் என்னோடு மல்லுக்கு நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

“அட்மிட் ஆகப் போற அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னார். கூரையை யாரும் தொடக்கூடாது, நான்தான் வைப்பேன், திரும்பி வர்றதுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கணும்ல அப்படின்னு. அதான், அதையாவது வீட்டுல வச்சுக்கலாம்னு வந்தேன்.”

படகைக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி, கூரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“முடிச்சிட்டீங்களா...” கண் கலங்கிவிட்டது. “அவரே செஞ்ச மாதிரி இருக்கு. ரொம்ப நன்றிங்க.”

படிக்கட்டு வரை போனவர் திரும்பினார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல.

“போன வாரம் நல்லா இருந்தார் தெரியுமா. நாலு மாசத்துல அப்போதான் முதல் தடவையா அவர் விரல் அசைஞ்சுது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். எல்லாம் ராத்திரியிலதான். சின்னதா எதையோ கிள்ளி எடுத்து, பக்கத்துல பத்திரமா வைக்கற மாதிரி... தினம் தினம் அதிகமாச்சு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா கண் முழிச்சிடுவார்னு டாக்டர் சொல்லியிருந்தார்.”