தானாகத்தான் விட்டாளாம்

அன்றைக்குச் சாம்பார் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். என் மனைவி வேலைநாளில் வைக்கும் சாம்பாருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இறக்கிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் முருங்கைக்காய், உரித்த சின்ன வெங்காயம், நெய்த் தாளிப்பு எல்லாம் இருந்தது. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது, "வேலைய விட்டுட்டேங்க. இன்னிக்கு லெட்டர் குடுத்துட்டேன்" என்றாள்.

"யார் குடுக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

நானாத்தானாம்! இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஒரு காலத்தில் இப்படி "நானாக" வேலையை விட்டவன்தான். எப்படி விட்டேன் என்பது எனக்கல்லவா தெரியும்!

இங்கே பெங்களூரில், பொம்மசந்திராவில் லாரிக்கான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பெயர் வேண்டாம், இன்றைக்கு அது வேறு யார் கையிலோ இருக்கிறது. அங்கே ஆளைக் குறைக்க வேண்டுமென்றால் நோட்டீஸ் ஒட்டமாட்டார்கள். ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்குக் கூப்பிடுவார்கள். எங்களுக்கெல்லாம் பேப்பர் கப்பில் டீ கொடுக்கிறவர்கள், அந்த அறையில் மட்டும் பீங்கான் கப்பில், சாஸரோடு கொடுப்பார்கள். சாஸர் வந்தால் ஆள் அவுட் என்று ஷாப் ஃப்ளோரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் ஒருநாள் சாஸர் வந்தது. டீ ஆறுவதற்குள் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வந்தன. டைப் அடித்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் பிற்பாடு கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லிவிடுவோமாம். அதனால் சொந்தக் கையால், சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். சொந்த வார்த்தையை அவர்களே சொன்னார்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் முழு விருப்பத்தோடு" என்று எழுதினேன். "டிஸ்மிஸ் ஆனா வேற எங்கயும் எடுக்கமாட்டாங்க, நீங்களா போனா மரியாதை, நாங்களும் பார்த்துச் செய்வோம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கடைசி நாளன்று கேன்டீனில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தலையில் ஜரிகை வைத்த மைசூர் பேட்டாவைக் கட்டி, சால்வை போர்த்தி, கையில் பழக்கூடையைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். தலைப்பாகையும் நானுமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதித் தரமாட்டேன் என்று கடைசிவரை முறுக்கிக்கொண்டு நின்ற சிலரைக் கம்பெனியே அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்களுக்குச் சட்டப்படி நஷ்டஈடு கிடைத்தது. நான் போய்க் கேட்டபோது அந்த போட்டோவைத்தான் காட்டினார்கள். "சந்தோஷமாத்தானே போயிருக்கீங்க" என்றார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்றும் அடங்கவில்லை.

அந்த மாதமே என் மனைவியைப் பள்ளிக்கூட வேலையில் சேர்த்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம். ஆபீஸில் ஃபீஸ் வாங்குகிற கிளார்க் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கோயில் ஃபாதரிடம் நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒன்று கிடைக்கும்வரை என்றுதான் பேச்சு. எனக்குக் கிடைக்காமல் இல்லை, எதிலும் நிலைக்கவில்லை. எந்த முதலாளி டீ குடிக்கிறாயா என்று கேட்டாலும் நான் அடுத்த வாரமே நின்றுவிடுவேன். இவள் மட்டும் ஒரே இடத்தில், ஒரே கவுன்டரில் இருந்தாள். மகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். இப்போது மகளுக்கு வைட்ஃபீல்டில் வேலை, தங்குவதும் அங்கேயே.

இப்படிப்பட்டவள் திடீரென்று தானாக விட்டாள் என்றால் காதில் பூ சுற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? சாப்பிட்ட கையோடு உட்காரவைத்துக் கேட்டேன்.

"லெட்டர்ல காரணம் இன்னான்னு எழுதின?"

"சொந்தக் காரணம்னு எழுதினேன்."

"பார்த்தியா! அதேதான்! யார் அப்படி எழுதச் சொன்னது?"

"எல்லாரும் அப்படித்தாங்க எழுதுவாங்க."

"உள்ள கூப்பிட்டு டீ குடுத்தாங்களா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்திவந்தது. ஃபீஸை எல்லாரும் போனிலேயே கட்டுகிற மாதிரி பள்ளிக்கூடத்தில் ஒரு ஆப் கொண்டுவந்திருந்தார்கள். போனில் காசு போனால் கவுன்டர் எதற்கு, கவுன்டரில் ஆள் எதற்கு? போதாததற்கு, கம்ப்யூட்டர் தெரிந்த சின்னப் பெண் ஒருத்தியைப் புதிதாக எடுத்திருந்தார்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது தலைமை சிஸ்டர் வேறு என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை வருஷமாக என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பவர்.

மகளுக்கு போன் போட்டேன். "மம்மியேதான் சொல்றாங்கல்ல டாடி, விடுங்களேன்" என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கடைசி நாளன்று பள்ளிக்கூடத்தில் விழாவாம். நான் போகவில்லை. சாயங்காலம் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்தில் சந்தனமாலை, தோளில் சால்வை, கையில் கலர்க் காகிதம் சுற்றிய பழக்கூடை. அதே சால்வை, அதே கூடை!

"அத்தத் தொடாத!" என்று கத்தினேன். "வாங்கினா நீ சம்மதிச்ச மாதிரி ஆயிடும். போட்டோ எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"சிரிச்சியா?"

"பின்ன அழுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே கூடையின் காகிதத்தைக் கிழித்து ஓர் ஆப்பிளை எடுத்து நறுக்கென்று கடித்தாள். கண்ணெதிரே சாட்சியத்தைக் கடித்துத் தின்கிறாள்! நான் என்ன செய்ய முடியும்? மிச்சக் கூடையைப் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் காலை கூடையையும் சால்வையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

தலைமை சிஸ்டர் கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழர். மேஜைமேல் நான் வைத்த கூடையை எட்டிப் பார்த்தார். "பழம் அழுகிடுச்சா சார்?"

"பழத்துக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். இத்த நாங்க ஏத்துக்கல. அத்த ரெக்கார்ட்ல போட்டுக்கங்க."

"இன்னா சார் சொல்றீங்க?"

"எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆப் வந்துடுச்சு, புதுப் பொண்ணு வந்துடுச்சு. நீங்களா அனுப்பினா நஷ்டஈடு குடுக்கணும். அதான் அவளா விட்ட மாதிரி எழுதி வாங்கிட்டீங்க."

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ ஆண்டவரே! அந்தப் பொண்ணுக்கு வேலை கத்துக்குடுத்ததே உங்க வீட்டம்மா. போகாதீங்கன்னு நான் எத்தினி வாட்டி கேட்டேன் தெரியுமா? இன்னும் ஒரு வருஷம் இருங்க, நான் வேணா சாரண்ட பேசறேன்னுகூட சொன்னேன். சார்கிட்ட மட்டும் பேசாதீங்க சிஸ்டர்னு அவங்கதான் சொன்னாங்க."

அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் மேனேஜர்கூட எனக்குச் சால்வை போர்த்தும்போது கண் கலங்கினார். சிஸ்டர் என்பதற்காக நம்பிவிட முடியுமா? ஆனாலும் அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் ஆட்டோவில் வரும்போது உறுத்திக்கொண்டே வந்தது. என்னிடம் பேச வேண்டாம் என்று இவள் ஏன் சொல்ல வேண்டும்? ரொம்பத்தான் மிரட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "வக்கீலாண்ட போறோம். நீயும் வரணும். நடந்தத நடந்தபடி சொன்னா போதும்" என்றேன். ரகளை செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"அவரு என்னைக் கேப்பாரா?"

"உன்னைத்தான் கேப்பாரு."

"அப்ப வரேன்" என்றாள்.

அடேயப்பா, கடைசியில் வழிக்கு வந்தாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். எனக்கு நடந்தபோது பக்கத்தில் நின்று தைரியம் சொல்ல யாரும் இல்லை. இவளுக்கு நான் இருக்கிறேன். என்னை ஏமாற்றிய மாதிரி இவளை ஏமாற்ற விடுவேனா?

தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற அந்த வக்கீலுக்கு சிவாஜிநகரில், செருப்புக்கடைக்கு மேலே முதல் மாடியில் ஆபீஸ். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். நான் தொழிற்சாலையில் ஆரம்பித்து, சாஸர், பேட்டா, ஆப், பழக்கூடை என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"நோடி, பாருங்க சார்," என்றார் முடிவில். "ரொம்ப சிம்பிள். அவங்களாவே வேலைய விட்டிருந்தா, அனுப்பினதுக்கான நஷ்டஈடுன்னு ஒண்ணும் வராது. அது மேனேஜ்மென்ட்டு ஆளக் கழிச்சாத்தான். அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சதால கிராஜுவிட்டி வரும், அது எப்படி விட்டாலும் உண்டு. பி.எஃப். அவங்க சொந்தப் பணம். ஆனா கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினாங்கன்னா கதை வேற. அத்த நாம காட்டணும். எல்லாம் இவங்க சொல்றதுலதான் இருக்கு."

"கட்டாயம்தான் சார்! சந்தேகமே வேணாம்" என்றேன்.

"நீங்க சும்மனே இருங்க சார். அவங்க சொல்லட்டும்." அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. இந்த வேலை விஷயத்துல யாராவது உங்களக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஆமா சார்" என்றாள்.

நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "சொன்னேனா இல்லையா! எழுதிக்கங்க சார்!"

வக்கீல் பேனாவைத் திறந்தார். "யாரும்மா?"

"இவரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வக்கீலுக்கும் புரியவில்லை. "இவரா? வேலைய விடச் சொல்லியா?"

"இல்ல சார். சேரச் சொல்லி. விட்டது நானாத்தான்." குரலை உயர்த்தவில்லை. பால் கணக்கு சொல்கிறவளாட்டம் சொன்னாள். "இவருக்கு வேலை போயிடுச்சு. ஃபாதராண்ட போய்ப் பேசிட்டு வந்து, நாளையிலர்ந்து நீ போன்னாரு. போறியான்னு கேக்கல. எனக்கு ஒண்ணு கெடைக்கிற வரைக்கும்தான்னாரு. கெடைச்சுது, இவரு விட்டாரு. மறுபடி கெடைச்சுது, மறுபடி விட்டாரு. இவரு விடறப்பல்லாம் நான் விட முடியாம போச்சு. மக தலையெடுக்கட்டும்னு இருந்தேன். எடுத்துட்டா. இனிமே காலையில எங்கயும் ஓடாம இருக்கணும் சார் எனக்கு. அவ்ளோதான்."

வக்கீல் பேனாவை மூடினார். என்னைப் பார்க்காமல் மேஜையில் இருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். இதை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் என் புத்தி முதலில் ஓடியது. மகளா, சிஸ்டரா, அந்தப் புதுப் பெண்ணா? பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், ஜன்னல் வழியாகக் கீழே செருப்புக்கடைக்காரர் பேரம் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப கேஸ் ஒண்ணும் இல்ல சார்" என்றார் வக்கீல் மெதுவாக. "வேற ஏதாவது கேக்கணுமா?"

நான் தலையாட்டினேன், இல்லை என்று. போகலாம் என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு கேக்கணும் சார்" என்றாள். "அந்த கிராஜுவிட்டி, பி.எஃப்., ரெண்டும் என் பேருல, என் அக்கவுண்ட்டுக்குத்தானே வரும்?"

"ஆமாம்மா."

"இவரு கையெழுத்து எதுவும் தேவைப்படாதில்ல?"

"தேவையே இல்லம்மா. உங்க ஒருத்தர் கையெழுத்து போதும்."

"இவரு போய்க் கேட்டா குடுத்துடுவாங்களா?"

"குடுக்க மாட்டாங்கம்மா."

"சரிங்க சார்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போனாள். என் மனைவி என்னைச் சந்தேகப்படுகிறாள் என்பது, பாதிப் படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.