கத்தரிக்காய்ப் பாஸ்டா செய்தவர்

இத்தாலியில், பலர்மோவில் இருவரும் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு வெள்ளவத்தைக்குக் குடிவந்த பிறகு, என் மனைவி ஒன்றுக்குத்தான் ஏங்கினாள். அங்கே வீடுகளில் சமைக்கும் கத்தரிக்காய்ப் பாஸ்டா. கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை கடை கடையாகக் கூட்டிப்போனேன். எங்கும் சீஸைக் கொட்டி, சோஸில் சீனியும் போட்டிருந்தார்கள்.

கடைசியில், கொட்டாஞ்சேனையில், இத்தாலியிலிருந்து திரும்பிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டிலேயே இதைச் சமைத்துப் பரிமாறுவதாக அறிந்து போனோம். அறுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். சமைத்துவிட்டு வந்தவரின் வெள்ளைச் சேர்ட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை. தட்டை வைத்துவிட்டு, நாம் முதல் வாயை விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது அவருடைய பழக்கம்.

ஒரு வாய் சாப்பிட்டதும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். அவளும் அதிலேயே மடமடவென்று பேசினாள், சிரித்தாள், அழுதாள். அங்கே சந்தையில் மூட்டை தூக்கிய எனக்கு அந்த மொழி அவ்வளவாக வராது. அவருடைய வெள்ளைச் சேர்ட்டைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அவள் கை கழுவப் போனதும், "என்ன அண்ணை கேட்டனீங்கள்?" என்றேன்.

"இதை முதல்ல ஆர் சமைச்சுத் தந்தது எண்டுதான் தம்பி. அங்கை அவ வேலைக்கு நிண்டு பார்த்துக்கொண்ட கிழவியாம். அவவின்ட கையைப் பிடிச்சபடிதான் செத்ததாம். உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்," என்றேன்.

எனக்குத் தெரியாது. கிழவி செத்த அன்றும் அவள் எனக்குச் சோறு போட்டிருப்பாள். நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். அந்த மனிதர் மீதான பொறாமை இன்னும் எனக்குத் தீரவில்லை.